முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஆழ்கடல் மீனைத் தேடிப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆழ்கடல் மீனைப் பார்க்க நீங்கள் ஆழத்துக்கு இறங்க வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லாரும் நீர்மூழ்கி, சிலிண்டர் என்று தொடங்கி, அதற்கெல்லாம் எங்களிடம் எங்கே காசு என்று முடித்துவிடுகிறார்கள். சீலகந்த் மீனின் கதையைப் பாருங்கள். டைனசோர்களின் காலத்தோடு அழிந்துபோனது என்று எல்லாரும் நம்பியிருந்த மீன் அது. 1938 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் ஒரு இழுவைப்படகு கொண்டுவந்து போட்ட குவியலுக்குள் கிடந்தது. அதைக் கண்டெடுத்தவர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர், அந்த ஊர்ச் சின்ன அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். அதன் இன்னொரு இனம் 1997 இல் இந்தோனேசியாவின் மனாடோவில் மீன்சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிலில் கண்ணில் பட்டது. அந்த மீன் உயிரோடு தன் இடத்தில் நீந்துவதை ஹான்ஸ் ஃபிரிக்கே என்ற ஜேர்மன்காரர் கொமொரோஸ் தீவருகே சிறிய நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தது 1987 இல், அதாவது முதல் மீன் கிடைத்து 49 வருடம் கழித்து.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் கரையில் காண்பது, பிறகு அது எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று அறிவது, கடைசியாக அந்தத் தண்ணீருக்குப் போய் உயிரோடு பார்க்க முயல்வது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் காசும் போய் மனமும் வெறுத்துவிடும்.

எந்தத் தண்ணீர்

வன்னிக்கு இரண்டு பக்கமும் கடல், ஆனால் இரண்டும் ஒரே கடல் இல்லை. மன்னாருக்கு வடக்கே இருக்கிற பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லாதது. அங்கே ஆழ்கடல் மீனைத் தேடுவதில் பிரயோசனமில்லை. மன்னார்த் தீவுக்குத் தெற்கே கதை வேறு. 2011 இல் மன்னார்ப் படுகையில் எரிவாயு தேடித் துளைத்த ஓரிடத்தில் தண்ணீரே 1,300 மீற்றருக்கு மேல் இருந்தது. ஆனால் கரையிலிருந்து அவ்வளவு வெளியே சின்னப் போட்டில் போக முடியாது.

முல்லைத்தீவுப் பக்கம் நேரே வங்காள விரிகுடாவைப் பார்த்திருக்கிறது. அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குளாய் என்று தெற்கே இறங்க இறங்க ஆழம் கரைக்கு நெருங்கி வருகிறது, திருகோணமலைக்குப் போனால் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரை, முடிந்து தரை சரிகிற இடம், ஏறத்தாழ 200 மீற்றர் ஆழக்கோடு. ஜெப்கோ என்ற உலகக் கடலடி வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அந்தக் கோட்டைப் பார்த்து ஒரு தாளில் கீறி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தாளை ஒரு மூத்த கடற்றொழிலாளியிடம் காட்டுங்கள். அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு எந்த இடத்தில் தரை "விழுகிறது" என்று தன் அடையாளங்களை வைத்துச் சொல்வார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உங்கள் முதல் உண்மையான வேலை.

ஆழத்தைக் கடற்றொழிலாளர்கள் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி, அப்படியானால் 100 பாகம் என்பது 180 மீற்றருக்குச் சற்று மேல்.

எப்போது

ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றில் இந்தக் கரைக்கு வந்து பிரயோசனமில்லை. போட்டே இறங்காத நாட்கள் அதிகம். ஒன்று மட்டும்: பெரிய அலை அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் கரையோரமாக நடந்து பார்க்கலாம், நோய்ப்பட்டதோ செத்ததோ ஆழத்து மீன்கள் அப்போது ஒதுங்கக்கூடும். வாடை ஓய்ந்து பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாகும்போதுதான் தேடும் காலம் தொடங்குகிறது. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களிலும் கரை அமைதியாகத்தான் தெரியும், ஆனால் காற்று தரையிலிருந்து வெளியே தள்ளும். இயந்திரம் நின்றால் போட் கரைக்கு வராது, எதிர்ப்பக்கம் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலவையும் பாருங்கள். ஆழத்து உயிர்களில் பெரும் பங்கு பகலில் கீழேயும் இரவில் மேலேயும் என்று தினமும் ஏறி இறங்குகிறது. முழு நிலவில் அவை வெளிச்சத்துக்குப் பயந்து கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லவை.

யாரோடு

கரையில் மீனவர்கள் தங்கும் வாடிக்குப் போங்கள், ஆனால் கமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் கடற்றொழிலாளர் சங்கத்தில் போய் நீங்கள் யார், என்ன பார்க்க வந்தீர்கள் என்று சொல்லுங்கள். இந்தக் கரையில் முன்பின் தெரியாதவர் வந்து நின்று கேள்வி கேட்டால் சந்தேகம் வருவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன, யுத்தகாலத்துக் கடல்தடையிலிருந்து இன்றைய தொழில் தகராறுகள் வரை. கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடமும் ஒரு வார்த்தை. கரைவலை ஆழத்துக்குப் போவதில்லை, ஆனாலும் ஒதுங்கி வந்த விநோதமான மீன் வலையின் மடியில் சிக்குவது உண்டு.

உங்களுக்கு அதிகம் தேவைப்படுகிறவர்கள் கண்டமேடை விளிம்புக்குப் போய் வரிசைத் தூண்டிலோ ஆழத் தூண்டிலோ போடுகிறவர்கள். அவர்கள் கரை தட்டும் நேரத்தைக் கேட்டு அந்த நேரத்துக்கு நில்லுங்கள், மீனை இறக்க ஒரு கை கொடுங்கள். விலைபோகிற மீனை விட்டுவிட்டு, பக்கத்தில் எறிந்திருப்பதைப் பாருங்கள். "இதென்ன மீன் அண்ணை?" என்று கேட்டால் பெரும்பாலும் "உது ஒருத்தருக்கும் வேண்டாத சாமான் தம்பி" என்றுதான் பதில் வரும். உங்கள் தேடல் அந்த வேண்டாத சாமானில்தான் இருக்கிறது.

கேள்வியைத் திறந்து கேளுங்கள். "200 மீற்றரில் பிடித்தீர்களா?" என்றால் ஓம் என்றுவிடுவார்கள், உங்களைச் சந்தோஷப்படுத்த. "எத்தனை பாகத்தில் விட்டனீங்கள்?" என்று கேளுங்கள். இன்னொன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும்: தூண்டில் நின்ற ஆழம் வேறு, அந்த இடத்துக் கடலின் ஆழம் வேறு. 500 மீற்றர்த் தண்ணீரில் 60 மீற்றரில் தொங்கிய தூண்டிலில் வந்த மீனை அடித்தரை மீன் என்று எழுதிவிட்டால் அந்தப் பதிவே கெட்டுவிடும். இரவில் வந்ததா பகலில் வந்ததா என்பதும் அதே அளவு முக்கியம், காரணம் மேலே சொன்ன அந்த ஏற்ற இறக்கம்.

"கொண்டு வந்தால் காசு தருவேன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். 1938 க்குப் பிறகு சீலகந்துக்கு 100 பவுண் சன்மானம் என்று துண்டுப்பிரசுரம் விட்டார்கள், 1952 இல் கொமொரோஸில் இரண்டாவது மீன் கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த மீன் 100 வயது வரை வாழலாம், குஞ்சைச் சுமப்பதே 5 வருடம் என்று 2021 ஆய்வு சொல்கிறது. ஆழத்து மீன்கள் பல இப்படி மெதுவாகத்தான் வளரும். ஈரல் எண்ணெய்க்காகப் பிடிபடும் ஆழ்கடல் முள்ளுச் சுறாக்கள் சில ஒரு தடவையில் ஒன்றிரண்டு குட்டிதான் போடும். காசு என்ற வார்த்தை கரைக்கு வந்துவிட்டால் நீங்கள் பார்க்க வந்ததையே தேடிப் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆழத்து மீன் என்று எப்படித் தெரியும்

கண்ணைப் பாருங்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண், அல்லது மேலே பார்த்தபடி குழல்போல நீண்ட கண் என்றால் மங்கிய வெளிச்சத்தில் வாழ்கிறது. 200 மீற்றருக்குக் கீழே வெளிச்சம் அந்தி அளவுதான், 1,000 மீற்றருக்குக் கீழே சூரியன் இல்லவே இல்லை. நிறம் முழுக்கக் கறுப்பாகவோ கடும் சிவப்பாகவோ இருக்கலாம். கடல்நீர் சிவப்பு ஒளியை முதலிலேயே உறிஞ்சிவிடுவதால் கீழே சிவப்பு மீனும் கறுப்புத்தான். தசை கூழ்போல மென்மையாக, எலும்பு வளையக்கூடியதாக இருக்கும். வாயில் வயிறு பிதுங்கி, கண் வெளியே தள்ளியிருந்தால் காற்றுப்பை உள்ள மீனை ஆழத்திலிருந்து வேகமாக இழுத்திருக்கிறார்கள். 10 மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, ஆக 200 மீற்றரில் 21 மடங்கு. மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்று எவ்வளவு விரியும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

பிறகு ஒளிப்புள்ளிகள். விளக்குமீன் என்று ஒரு பெரிய குடும்பம், பெரும்பாலானவை விரல் நீளம்தான். அதன் வயிற்றுப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் தைத்ததுபோல வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும், நனைந்த கையில் வைத்து வெயிலில் சரித்தால் நீலமாக மின்னும். எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் இனத்தைப் பிரிக்கிறார்கள். செதில் தொட்டாலே உரியும், ஆகவே அழுத்திப் பிடிக்கக் கூடாது.

சாவாளைபோல நீண்டு, வெள்ளியாக, தலையில் சிவப்புக் கொண்டை முள்ளோடு மீற்றர்க்கணக்கில் ஒன்று ஒதுங்கினால் அது துடுப்பு மீனாக இருக்கலாம். எலும்புள்ள மீன்களில் உலகிலேயே நீளமானது. இதைக் கண்டால் மீனைக் கவனிப்பதற்கு முன் ஆட்களைக் கவனியுங்கள். 2004 இல் இந்தக் கரையில் நடந்ததற்குப் பிறகு "சுனாமி வரப்போகுது" என்ற ஒரு சொல் போதும், ஊரே கிளம்பிவிடும். ஜப்பானில் 2019 இல் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்து, இந்த மீன்கள் ஒதுங்குவதற்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டிவிட்டார்கள். அதை அங்கேயே, படம் போடுவதற்கு முன்பே, சொல்லிவிடுங்கள்.

தெரியாத ஆழத்து மீனைச் சமைக்கவும் வேண்டாம். எண்ணெய்மீன் என்று ஒன்று உண்டு, சதை வெள்ளையாக ருசியாக இருக்கும். அதில் இருக்கும் மெழுகு எண்ணெய் எங்களுக்குச் சமிக்காது, மறுநாள் நடப்பதை எழுத விருப்பமில்லை.

மீன் கையில் வந்த முதல் பத்து நிமிடம்

இந்தப் பகுதிதான் உயிர். நிறம் கண்முன்னே மங்கும், ஆகவே மற்ற எல்லாம் பிறகு, படம் முதலில்.

கடல்நீரால் மெதுவாகக் கழுவுங்கள், துடைக்காதீர்கள். மீனின் தலை இடப்பக்கம் வருமாறு, இடது உடம்பு தெரிய, ஒரே நிறமான தட்டின்மேல் கிடத்துங்கள். உலகம் முழுக்க மீனியலாளர்கள் இடது பக்கத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். செட்டைகளை விரித்துக் குண்டூசியால் நிறுத்துங்கள். மடிந்த செட்டையில் முள்ளை எண்ண முடியாது. பக்கத்தில் அளவுகோல். நாணயம் வேண்டாம், வெளிநாட்டில் பார்க்கிறவருக்கு எங்கள் 10 ரூபாய்க் குற்றியின் அளவு தெரியாது. பிளாஷ் போட்டால் வெள்ளி மீன் கண்ணாடிபோல அடித்துவிடும், நிழலில் வைத்து எடுங்கள். முழு உடம்பு ஒன்று, தலை, வாயைத் திறந்து பல், செட்டைகள், ஒளிப்புள்ளிகள், மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று.

பிறகு அளவு. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒன்று, மூக்கு நுனியிலிருந்து வால்செட்டை தொடங்கும் இடம் வரை ஒன்று. இரண்டாவதுதான் ஆய்வில் கேட்பார்கள், ஏனென்றால் வால் நுனி உடைந்திருக்கும்.

மீனின் சொந்தக்காரர் சம்மதித்தால் தசையில் ஒரு பயறளவு துண்டை வெட்டி 95 வீத எதனோலில் போடுங்கள். மரபணு வைத்து இனத்தை உறுதிப்படுத்த அது போதும். போமலினில், அதாவது மீனைக் கெடாமல் வைக்கும் திரவத்தில், போட்ட மீனிலிருந்து மரபணு எடுப்பது பெரும் பாடு, ஆகவே போமலினுக்கு முன் இது. போமலினை நீங்கள் தொடவே வேண்டாம், அது விஷம், புற்றுநோயும் வரலாம். ஐசில் வைத்து, கூடிய கெதியில் உறைகுளிரில் போட்டுவிடுங்கள். மற்றதை ஆய்வுகூடம் பார்த்துக்கொள்ளும்.

துண்டுக்குறிப்பைப் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை எதனோலில் கரைந்துவிடும். நாள், நேரம், இடம், தூண்டில் ஆழம், கடலாழம், எந்த முறையில் பிடிபட்டது, அவர்கள் அதை என்ன பெயரில் சொன்னார்கள். இந்தக் குறிப்பில்லாத அரிய மீன் வெறும் காட்சிப்பொருள்.

ஒரு எச்சரிக்கை. உடம்பளவு நீண்ட வால் கொண்ட திரெஷர் சுறாவைப் பிடிப்பது இலங்கையில் 2012 இலிருந்து தடை, உடம்பெல்லாம் புள்ளியுள்ள திமிங்கலச் சுறாவும் வெண்முனைச் செட்டைப் பெருங்கடல் சுறாவும் 2015 இலிருந்து. அப்படியொன்று தற்செயலாக வலையில் செத்து வந்திருந்தால், ஆளின் முகமும் போட் இலக்கமும் தெரியப் படம் எடுத்து இணையத்தில் போடுவது, உங்களுக்கு மீன் காட்டியவரைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம்.

வயிற்றைக் கேளுங்கள்

பெரிய சூரையை வெட்டும் இடத்தில் குடலை எறிவதற்கு முன் ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சூரை இறங்கிப் போய்ச் சாப்பிடுகிற மீன், உங்கள் வலை எட்டாத இடத்திலிருந்து அது எடுத்து வந்திருக்கும். ஈட்டிப்பல் மீன் கிடைத்தால் இன்னும் விசேஷம். நீண்ட உடம்பு, பாய்போல உயர்ந்த முதுகுச் செட்டை, கத்திபோலப் பல், விலைபோகாது. விழுங்கியதை அது மிக மெதுவாகத்தான் சமிக்கச் செய்யும், அதனால் உள்ளே இருப்பவை அப்படியே முழுதாக இருக்கும். ஆய்வாளர்களே இதன் வயிற்றை ஒரு வலையாகப் பயன்படுத்துகிறார்கள். நாற்றம் இருக்கும், கையுறை போடுங்கள்.

பெயர் கண்டுபிடிப்பது

முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள், இனத்துக்குத் தாவாதீர்கள். ஃபிஷ்பேஸ் தளத்தில் இலங்கைப் பட்டியல் இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படம் ஏற்றினால் தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். படத்தைப் பார்த்துத் தளம் தானாகச் சொல்லும் முதல் பெயரை நம்பாதீர்கள், ஆழ்கடல் மீனில் அது அடிக்கடி சறுக்கும். அப்புறம் கொழும்பில் உள்ள நாரா என்ற அரச நீர்வள ஆய்வு நிறுவனத்துக்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் படிப்பிக்கிறவர்களுக்கோ எழுதுங்கள். பட்டியலில் இல்லை என்பதற்காகப் புதிய இனம் என்று அறிவித்துவிட வேண்டாம். நான்சன் ஆய்வுக்கப்பல் 1978–80 இலும் பிறகு 2018 இலும் இலங்கைக் கடலில் ஆய்வு செய்தது. அப்படி ஒரு கப்பல் எப்போதாவதுதான் வரும், முல்லைத்தீவுப் போட்டுகளோ தினமும் போகின்றன. அதனால் இலங்கைக்குப் புதிய பதிவு என்பது இங்கே நடக்கக்கூடிய காரியம்தான். மீனையோ திசுவையோ நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதி வேண்டும், தபாலில் போட்டுவிடாதீர்கள்.

உயிரோடு பார்ப்பது

இப்போதுதான் கடலுக்குப் போகிறோம். மூழ்குவதைப் பற்றி ஒரே வரி: பொழுதுபோக்கு மூழ்கலின் எல்லை 40 மீற்றர், நீங்கள் தேடும் மீன் அதற்கு வெகு கீழே.

எளிதான வழி, ஆழம் பார்க்கும் கருவி உள்ள போட்டில் பொழுது சாயும் நேரம் விளிம்பில் நிற்பது. கருவியில் இரண்டு அதிர்வெண் இருந்தால் 50 கிலோஹேர்ட்ஸை வையுங்கள், 200 அவ்வளவு ஆழம் போகாது. சூரியன் இறங்க இறங்கத் திரையில் ஒரு மங்கலான பட்டை மேலே எழுந்து வரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படைக்காரர் இதைக் கடல்தரை என்று நினைத்துக் குழம்பினார்கள். அது தரையில்லை, விளக்குமீன்களும் இறால்களும் கணவாய்களும் சேர்ந்த கூட்டம். அது மேலே வந்து நின்றதும் இயந்திரத்தை நிறுத்தி, ஒரு சின்ன ரோச் வெளிச்சத்தை மட்டும் தண்ணீருக்குள் காட்டிப் பாருங்கள். வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதை எதிர்த்து இந்த மாவட்டத்தில் எத்தனை போராட்டம் நடந்தது என்பது தெரிந்ததுதானே, ஆகவே சங்கத்துக்கு முன்கூட்டியே சொல்லாமல் இரவில் கடலில் விளக்குக் காட்டாதீர்கள். போட்டில் யார் யார் ஏறுகிறார்கள் என்பதையும் அறிவிக்க வேண்டிய இடத்தில் அறிவித்துவிட்டே ஏறுங்கள்.

அடுத்தது இரையோடு கமரா இறக்குவது. சாதாரண அக்ஷன் கமராவின் உறை சில பத்து மீற்றர்தான் தாங்கும், 300 மீற்றருக்கு அதற்கென்று செய்த உறை வேண்டும். கமராவை வைப்பதற்கு முன் வெறும் உறைக்குள் ஒரு ரிசு தாளைப் போட்டு முழு ஆழத்துக்கும் இறக்கி எடுங்கள். தாள் நனையாமல் வந்தால் மட்டும் கமரா. உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று, கீழே குளிர் என்பதால் கண்ணாடி பூத்துவிடும். விளக்கு சிவப்பாக இருக்கட்டும், ஆழத்து மீன்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்புத் தெரியாது, வெள்ளை போட்டால் கலைந்துவிடும். ஒரு வலைப்பையில் நறுக்கிய சூடை மீனைக் கமராவுக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் கட்டுங்கள். நீரோட்டம் கயிற்றைச் சரிக்கும், அதனால் ஆழத்தைவிடக் கணிசமாக அதிகம் கயிறு வேண்டும். மேலே மிதவையில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிக் கொடி கட்டுங்கள், இல்லாவிட்டால் யாரோ வலை என்று நினைத்து வெட்டிவிடுவார்கள்.

ஓரிரு மணி நேரம் விடுங்கள். முதலில் இறால், நண்டு, விலாங்குபோன்ற மீன்கள் வரும். சுறா வந்தால் வலைப்பையோடு போய்விடும். பெரும்பாலான பதிவுகளில் இருட்டும் தூசியும்தான் இருக்கும், அதையும் அழிக்காமல் வைத்திருங்கள், ஆழமும் நேரமும் குறித்து. ஒன்றும் வராத இடம் எது என்பதும் அடுத்த தடவை தேவைப்படும். வங்காள விரிகுடாவில் 100 மீற்றர் தாண்டியதும் ஒட்சிசன் மிகக் குறைந்த ஒரு தண்ணீர்ப் படை இருக்கிறது, அந்த ஆழத்தில் காலியாக இருந்தால் கமராவைக் குறை சொல்லாமல் மேலேயோ கீழேயோ மாற்றிப் பாருங்கள்.

ஆழத்து மீன் உயிரோடு தூண்டிலில் வந்துவிட்டால், அப்படியே தண்ணீரில் எறிந்தால் அது மேலேயே மிதந்து கடற்பறவைக்கு இரையாகும். பாரம் கட்டிய ஒரு பிளாஸ்ரிக் கூடையைத் தலைகீழாக்கி, மீனை அதற்குள் விட்டுக் கயிற்றில் கீழே இறக்குங்கள். அழுத்தம் கூடக் கூடக் காற்றுப்பை சுருங்கி, மீன் தானாக நீந்தி வெளியே போகும். மெதுவாக இறக்கிக்கொண்டிருக்காதீர்கள், சட்டென்று விடுங்கள். கமரா கையில் இருந்தால் அதே கயிற்றில் கட்டிவிடுங்கள், பலருக்கு உயிரோடு நீந்துகிற முதல் காட்சி கிடைப்பது இப்படித்தான்.

நல்ல இடம் கிடைத்தால் அதன் ஜிபிஎஸ் எண்களை ஆய்வாளருக்குக் கொடுங்கள், பொதுவில் போடாதீர்கள். அது உங்களைக் கூட்டிப்போன போட்காரரின் தொழில் இடமும்கூட. படத்தையும் மீனின் பெயரையும் அச்செடுத்து வாடியில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை எறிவதற்கு முன் உங்களுக்கு அழைப்பு எடுப்பார்கள், அலைபேசியைச் சார்ஜில் வைத்திருங்கள், பெரும்பாலும் விடிய 4 மணிக்குத்தான் அடிக்கும்.